மூன்றாவது பொட்டலம்

அம்மனை நம்புகிறவர்களிடம் இதைச் சொல்லியே ஆகவேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்ற ஆவணியில் என் வீட்டுக்காரர் காலைத் தென்னமட்டை கிழித்துப் புண்ணானது. அவருக்குச் சர்க்கரை உண்டு. புண் ஆறவில்லை. புதுக்கோட்டையில் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு விரலை உடனே எடுக்கவேண்டும், தள்ளிப்போட்டால் காலே போகும் என்றார். என் அப்பா ஆபரேஷனுக்கென்று போய்த் துணியில் சுற்றிய பிணமாகத் திரும்பி வந்தவர். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம்.

ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி எடுத்துக் கொடுத்ததில் வெள்ளை வந்தது. மனசு ஒருநிலையில் இல்லாமல் கட்டியது, செல்லாது என்று நானே சொல்லிக்கொண்டு, பூசாரி போனதும் மறுபடி கட்டி எடுத்தேன். வெள்ளைதான். மூன்றாவது தடவை சிவப்பு வந்தது. ஆத்தா வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்று வீட்டில் வந்து சொன்னேன். அவரும் சரியென்றார். பச்சிலை வைத்துக் கட்டினோம்.

இருபது நாளில் பாதம் கறுத்துவிட்டது. காய்ச்சலில் பிதற்றினார். அறைக்குள் நுழைய முடியாத வாடை. நானே அவரைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கோயிலுக்கு ஓடினேன். பூ கொண்டுபோகவில்லை. தாயே, உன்னிடம் கேட்பதாகச் சொல்லி என் பயத்திடம்தான் கேட்டேன், உண்மையைச் சொல்ல எனக்கு வாயைக் கொடு என்று அழுதேன். பயம் போகவில்லை. ஆனால் வாய் வந்தது.

காய்ச்சல் சற்றுத் தணிந்து அவர் கண் திறந்தபோது மூன்று பொட்டலத்தையும் சொன்னேன். அவர் சொன்னது இதுதான்:

"எனக்கும் பயந்தான். நீ வேணாம்னு சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. ஆட்டோவ வரச்சொல்லு, போவோம்."

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். உயிரைத் திருப்பிக் கொடுத்தாள் ஆத்தா. அதற்கு நான் நன்றி சொல்லாத நாளில்லை. ஆனாலும் தோப்புக்குப் போக அவர் ஊன்றுகோலைத் தேடும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றாவது பொட்டலம்தான் ஞாபகம் வருகிறது.

இப்போது எதைக் கேட்பதற்கு முன்பும், எனக்கு என்ன பயம், என்ன ஆசை என்பதை அவளிடம் முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அப்படிப் போய் நில்லுங்கள். அவள் கைவிட மாட்டாள். எனக்கு முதல் பொட்டலத்திலேயே பதில் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு நடந்திருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும்.