புதன்கிழமை வெள்ளம், வெள்ளிக்கிழமை கண்

டாக்டர் கொடுத்த தேதி வெள்ளிக்கிழமை. ஊர் வெள்ளத்தில் முழுகப்போவது அதற்கு முந்தைய புதன்கிழமை. ஆகவே தன் கண் ஆபரேஷனுக்கு வழியில்லை என்று அவர் சொல்லிவிட்டார். கோபமாகவோ பிடிவாதமாகவோ சொல்லவில்லை. கடையில் பால் தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

“ஆஸ்பத்திரியே தண்ணிக்குள்ள இருக்கும். யாரு வந்து கத்தி பிடிப்பா?”

“அந்த டாக்டருக்கு நீச்சல் தெரியுமாம்,” என்றாள் அவர் மனைவி, யாருடைய பேன்ட்டிலிருந்தோ பழைய ஜிப்பைப் பிரித்தபடி.

இடது கண் ஏற்கெனவே போயிருந்தது. அப்போதும் டாக்டர் தேதி கொடுத்தார், நடுவில் இவர் அறிவித்த ஒரு பூகம்பம் குறுக்கிட்டது. பூகம்பம் வரவில்லை, கண்ணும் திரும்பவில்லை. இப்போது வலது கண்ணிலும் புரை முற்றிவிட்டது. இந்தத் தடவையும் விட்டால் பிறகு அறுத்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார். அவரிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் டாக்டரிடமே ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மைக் செட்டுக்காரராக இருந்தவர். ஆம்ப்ளிஃபயர், குழாய் ஒலிபெருக்கி, சுருள் சுருளாக வயர், இவற்றோடு எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் போவார். தலைவர்கள் நேரத்துக்கு வந்ததில்லை. வரும்வரை கூட்டம் கலையாமல் இருக்க மைக்கில் யாராவது எதையாவது சொல்லவேண்டும். “தலைவர் வந்துகொண்டே இருக்கிறார், இன்னும் சற்று நேரத்தில் வந்து சேருவார்” என்று மணிக்கணக்காகச் சொல்லிப் பழகியவர் அவர். ஒருநாள் அதையே சொல்லி அலுத்துப்போய், “மழை வந்துகொண்டே இருக்கிறது” என்றார். வானம் பளிச்சென்று இருந்தது. பத்தே நிமிஷத்தில் கொட்டித் தீர்த்துவிட்டது. தலைவர் நனைந்தார், ஆம்ப்ளிஃபயர் புகைந்தது, தொழில் போயிற்று. கையில் மிஞ்சியது ஒரு கை மெகாஃபோன். அன்றிலிருந்து அவர் தீர்க்கதரிசி.

ஊருக்கு அவர் ‘ஹலோ’. எதையும் ஹலோ, ஹலோ, ஹலோ என்று ஆரம்பிப்பதால் வந்த பெயர். ஒவ்வொரு நகராட்சித் தேர்தலிலும் நிற்பார், இந்தத் தடவையும் நிற்கிறார். அவருடைய வாக்குறுதிகள் இரண்டுதான். ஊரை அப்படியே பெயர்த்து மேட்டுக்கு மாற்றுவது ஒன்று. பஸ்ஸை ஆள் நிற்கும் இடத்தில் நிறுத்தவைப்பது மற்றது. கிடைக்கிற சில ஓட்டும் இரண்டாவதற்குத்தான் விழுகிறது என்று எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர.

தினமும் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் பேசுவார். அவள் தையல் கடை நேரெதிரே. அறுந்த ஜிப், இறுகிய இடுப்பு, நீளமான கால், எல்லாம் சரிசெய்து தருகிற ஒற்றை மெஷின் கடை. மிதித்தபடியே அவளுக்கு எல்லாம் தெரியும். கேட்க வந்தவர் எத்தனை, பஸ்ஸுக்கு நிற்பவர் எத்தனை என்பது உட்பட.

கடை பூட்டிக் கூட்டிப்போகும்போது அவர் திருப்தியாகச் சொல்வார். “இன்னிக்கு நல்ல கூட்டம்.”

“ம்,” என்பாள்.

கூட்டம் பெருகியது கண் மங்கிய பிறகுதான். நிறுத்தத்துத் தூண்கள், விளம்பரப் பலகை, மூலையில் உள்ள குடிநீர்த் தொட்டி எல்லாமே அவருக்குப் பொதுமக்கள். புரை முற்ற முற்ற ஆதரவும் வளர்ந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கண் சரியானால் இந்தக் கூட்டம் என்ன ஆகும் என்கிற யோசனையும் அவளுக்கு உண்டு. ஆனால் கண் கண்தான்.

“ரெண்டு பேரைப் பிடிச்சு ஆட்டோவுல தூக்கிப் போட்டுக் கூட்டிட்டு வாம்மா,” என்றாள் வெளியூரில் இருக்கும் மகள் ஃபோனில்.

“உங்கப்பாவைத் தூக்கிடலாம்டி. அவர் வாயை எந்த ஆட்டோவுல ஏத்தறது?”

வழி அவளுக்கு மெஷின் மிதிக்கும்போதுதான் தட்டுப்பட்டது. பேசி முடித்ததும் அவர் கேள்வி நேரம் வைப்பார். யாரும் எதுவும் கேட்கலாம். பதில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’. மெகாஃபோனில் சொன்னால் சொன்னதுதான், மாற்றமாட்டார். வேலை மாற்றம் கிடைக்குமா என்று கேட்ட குமாஸ்தாவுக்கு முகத்திலடித்தாற்போல் இல்லை. ஓடிப்போன பூனைக்கும் இல்லை. ஆனால் வீட்டில் உடம்பு முடியாதவரைப் பற்றி யார் கேட்டாலும் உண்டு, உண்டு, உண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளிக்குக்கூட அவர் இல்லை சொன்னதில்லை. அது அவருக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும்.

தேர்தலுக்கு முதல்நாள் சாயங்காலம் மெஷினை மூடிவிட்டுச் சாலையைக் கடந்து வரிசையில் நின்றாள். வரிசை என்றால், முன்னால் டீக்கடைக்காரர் ஒருவர்தான். புது பாய்லர் வாங்கலாமா என்று கேட்டு, இல்லை வாங்கிக்கொண்டு விலகினார்.

அவள் தொண்டையைச் செருமினாள். “ஐயா, என் வீட்டுக்காரருக்குக் கண்ணுல புரை. வெள்ளிக்கிழமை ஆபரேஷன்னு டாக்டர் சொல்றாரு. பண்ணினா பார்வை உண்டா?”

மெகாஃபோன் குரல் வந்த பக்கம் திரும்பியது.

“கேக்கறது யாரு?”

“பொதுஜனம்.”

“பொதுஜனம் கடையைப் பூட்டாம வந்துடுச்சா?”

“பதில் சொன்னா போயிடும். பஸ்ஸுக்கு நிக்கறவங்களும் கேட்டுட்டுதான் இருக்காங்க.”

கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். காய்கறிப் பையோடு நின்ற அம்மா ஒருத்தி, “பாவம், சொல்லிடுங்க ஐயா,” என்றாள்.

இல்லை என்று சொன்னால் வெள்ளம் தப்பிக்கும். அவர் உதடு அந்த எழுத்துக்குத் தயாராவதைக்கூட அவள் பார்த்தாள். இல்லை என்று வந்துவிட்டால் அதுவும் சொன்னது சொன்னதுதான்.

“உண்டு,” என்றார் மெகாஃபோன் இல்லாமல்.

“கேக்கலை,” என்றாள்.

அவர் மெகாஃபோனை உயர்த்தினார். “உண்டு.”

டீக்கடைக்காரர் விடவில்லை. பாய்லர் வருத்தம் அவருக்கு. “அப்ப புதன்கிழமை வெள்ளம் என்னாச்சுங்க? முழுகின ஆஸ்பத்திரியிலயா ஆபரேஷன்?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்தார். பல வருஷப் பழக்கம் கைகொடுத்தது.

“வெள்ளம் வந்துகொண்டே இருக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும். பொதுமக்கள் அமைதி காக்கவும்.”

தேர்தலில் அவர் தோற்றார். புதன்கிழமை ஆறு வழக்கம்போலப் பாலத்துக்கு அடியிலேயே போயிற்று. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. மேஜையில் படுத்துக்கொண்டு டாக்டருக்கு நீச்சல் தெரியுமா என்று அவர் கேட்டதாக நர்ஸ் வந்து சொன்னாள்.

கட்டு பிரித்ததும் அவர் முதலில் மனைவியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நீ எப்ப இவ்வளவு நரைச்ச?”

“நீங்க பூகம்பத்துல இருந்தப்ப.”

டாக்டர் அனுமதித்த முதல் சாயங்காலமே மெகாஃபோனை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அவள் தடுக்கவில்லை, கூடப் போனாள். நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர். அவர் தூண்களைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார், அதில் பல் தேய்க்கும் பேஸ்ட் விளம்பரம். மூலைக்கு வந்து நின்றார்.

“கடைசி வரிசையில ஒருத்தர் நிப்பாரு. நல்ல குண்டு. தினமும் வருவாரு, பாதியில கிளம்பிப் போகவேமாட்டாரு.”

“அது தண்ணித் தொட்டி,” என்றாள்.

“ரொம்ப கவனமா கேப்பாரு.”

“ஆமா.”

“நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா கூட்டம் இன்னும் கம்மியா ஆயிருக்கும்.”

அவர் அதை யோசித்துப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பிவிடுவார் என்று அவள் நினைத்தாள். சாவியைக்கூட முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துவிட்டாள். அவர் மெகாஃபோனின் பொத்தானை அழுத்தி, ஹலோ, ஹலோ, ஹலோ என்றார். ஏழெட்டுப் பேருக்குப் போதுமான அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். மேட்டைப் பற்றிச் சொன்னார், பஸ்ஸைப் பற்றிச் சொன்னார். கடைசி வரிசைக்கென்று எப்போதும் வைத்திருக்கும் பகுதி வந்ததும் பழக்கத்தில் மூலைப்பக்கம் திரும்பி, தொட்டிக்குச் சேரவேண்டியதைக் குறைக்காமல் சொன்னார்.

தொட்டிக்குப் பின்னால் குனிந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருவன் தன்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்து நிமிர்ந்தான். குழாயை மூடி, வாயைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாகக் கேட்டான்.

பஸ் வரும்வரை கேட்டான். பஸ் வழக்கம்போலத் தள்ளிப்போய் நின்றது. அவன் ஓடினான்.