அப்பாவின் தைலக் கை

வயிற்றை முறுக்கும் என் குடல் நோய்க்கு வாங்கிய ஹோமியோ உருண்டைக் குப்பியை இன்று காலை திறந்தேன். அந்த ஸ்பிரிட் வாடை என்னைச் சூரியநெல்லி எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

அம்மாவுக்கும் இதே நோய்தான். கொழுந்தெடுக்கக் கிளம்பும்போது முறுக்கும். தேயிலைக் காட்டில் ஒதுங்க மறைவு ஏது? பட்டினியாகவே போவாள். ஹோமியோ டாக்டர் இதே வெள்ளை உருண்டைகளைக் கொடுத்து, தைல வாசம் பட்டால் மருந்து முறிந்துவிடும் என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்கோ யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் வேலை.

ஒரு காலையில் அம்மா அடுப்படியில் சுருண்டு கிடந்தாள்.

"வயித்துல கொஞ்சம் கைய வைங்களேன்" என்று அப்பாவைக் கெஞ்சினாள்.

அப்பா சாம்பலும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்த்தார், முகர்ந்தார், மறுபடி தேய்த்தார்.

"போக மாட்டேங்குதே, புள்ள" என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான் என் சின்னக் கையை வைத்தேன். அது அவள் வயிற்றுக்குப் போதவில்லை.

அப்பா இப்போது என்னோடு இருக்கிறார். தைல வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. என் கையில் குப்பியைப் பார்த்ததும் தன் உள்ளங்கையை முகர்ந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

"வாசமே இல்லப்பா, உள்ள வாங்க" என்றேன்.

"அது போகாதும்மா" என்றார், திரும்பாமலே.