தேவயானி தன் குரலைப் பிடுங்கி வந்த கதை

தென்னரசு நாசமாய்ப் போகவேண்டும் என்று தேவயானி சாமியிடம் வேண்டிக்கொண்டதே இல்லை. சாமி செய்தால் அவளுக்கு என்ன சுகம்? தன் கையாலேயே செய்யவேண்டும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள்.

அவள் மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். அம்மா அஞ்சம்மாளோடு கரையில் நின்று மீன் ஏலம் கூவிக் கூவி வந்த தொண்டை அது. அலைச் சத்தத்தையும் தாண்டிப் போகும். திண்டிவனத்தில் காலேஜ் சேர்ந்து இயற்பியல் படித்தாள். கூட்டேரிப்பட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த வெற்றிவேலுக்கு வாழ்க்கைப்பட்டாள். படித்த படிப்பு சும்மா கிடந்தபோதுதான் தென்னரசு வந்து சேர்ந்தான்.

விழுப்புரத்துக்காரன். ஒரு வேன், ஒரு புரொஜெக்டர், ப்ளோயர் வைத்துக் காற்றடித்தால் உப்பி நிற்கும் ஒரு கறுப்புக் கூடாரம். இவ்வளவுதான் அவனுடைய நடமாடும் கோளரங்கம். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்து உள்ளே போய் மல்லாந்து படுத்தால் தலைக்கு மேல் வானம் சுற்றும். அந்த இருட்டில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். தென்னரசுக்கோ சனிக்கிரகம் எது, செவ்வாய் எது என்றே தெரியாது.

தேவயானி பேசினாள். ஒரு நாளைக்கு நாலு காட்சி, ஐந்து காட்சி. "கண்ணுங்களா, கண்ணை மூடித் தொறங்க. இப்ப நாம பூமிய வுட்டுக் கெளம்பிட்டோம்" என்று அவள் ஆரம்பித்தால், வாண்டுகள் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளும். விண்கல்லைக் காட்டும்போது, "இது பாருங்க, மல்லாட்டை மாதிரியே நடுவுல ஒடுங்கிக்கினு இருக்குது" என்பாள். வேர்க்கடலை வானத்தில் மிதப்பதைப் பார்த்துக் கூடாரமே சிரிக்கும்.

சந்திரயான் நிலவில் இறங்கிய அன்று, டீக்கடை டி.வி. முன்னால் நின்று கத்திய கத்தலில் அவள் தொண்டை கட்டிப்போனது. மறுநாள் தென்னரசு ரொம்பப் பாசமாக வந்தான்.

"தொண்டை போயிடப் போவுதும்மா. ஒரே ஒரு தபா முழுசாப் பேசிக் குடு, பதிவு பண்ணிக்கலாம். உனக்கு முடியாத அன்னிக்குப் போட்டுக்கலாம்."

அப்பாவி, நம்பினாள்! கட்டின தொண்டையோடு பேசினாள். "எறங்கிடுச்சு!" என்கிற இடத்தில் குரல் கீறி உடைந்தது. அடுத்த வாரம் வேன் அவளை ஏற்றிக்கொள்ள வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் போட்டுக் கேட்டால், "அதான் பதிவு இருக்குதேம்மா" என்றான். பேனரில் என் பேரையாவது போடுங்கண்ணே என்றதற்கு, "குரலுக்கு எதுக்கும்மா பேரு?" என்று சிரித்தான்.

அன்று பிடித்தது எரிச்சல். செஞ்சி, மயிலம், வானூர் என்று அவள் குரல் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்வந்தது. அவளோ நெடுஞ்சாலை ஓரத்து டிபன் கடையில் இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். இட்லித் துணியை உரிக்கிற ஒவ்வொரு தடவையும் தென்னரசின் தோலை உரிப்பதாக நினைத்துக்கொள்வாள். அதில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது.

கை வைக்க வழிதான் கிடைக்கவில்லை. ஆனால் போன மாசம் அவள் மகள் கலைப்பிரியாவின் பள்ளிக்கூடத்துக்கே அந்தக் கூடாரம் வந்தது. நாலாம் வகுப்புக் குட்டி, இருட்டில் குரலைக் கேட்டதும், "எங்கம்மா! எங்கம்மாதான் பேசுது!" என்று எழுந்து கத்தியிருக்கிறாள். தலைமை ஆசிரியை பாஞ்சாலி டீச்சர் தென்னரசிடம் விசாரித்தார். அவன் கொஞ்சமும் கூசாமல், "மெட்ராஸ் டி.வி. ஆர்ட்டிஸ்ட் பேசினது மேடம். புள்ளைங்க கதை வுடும்" என்றான். வகுப்பில் கலைப்பிரியாவுக்குப் 'புளுகுமூட்டை' என்று பேர் விழுந்துவிட்டது. சாயங்காலம் அழுது வீங்கிய முகத்தோடு வந்து, "நீ பேசவே இல்லியாம்மா?" என்று கேட்டாள்.

தேவயானிக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. என் குரலைத் தின்றாய், சரி. என் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாயே, பாவி!

மறுநாள் பெற்றோர்களுக்கும் சேர்த்துக் காட்சி. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, அம்மாக்கள் கும்பலோடு அவளும் தவழ்ந்து உள்ளே போனாள். படத்தை ஓடவிட்டதும் தென்னரசு வெளியே போய் ப்ளோயர் பக்கத்தில் நின்றுகொள்வான். உள்ளே புழுக்கம் அவனுக்கு ஆகாது. இத்தனை வருஷத்தில் ஒரு காட்சியைக்கூட முழுசாகக் கேட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஸ்பீக்கர் வயர் எங்கே செருகியிருக்கும் என்பதும் தெரியும். சனிக்கிரகம் மேலே வந்ததும் கையை நீட்டிப் பிடுங்கினாள்.

குரல் நின்றது. வளையத்தோடு சனி மட்டும் சும்மா சுற்றியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் தென்னரசு அடித்துப் பிடித்து உள்ளே வந்தான்.

"சரியாவுற வரைக்கும் நீங்களே சொல்லுங்க சார்" என்றார் பாஞ்சாலி டீச்சர்.

"இது வந்து... இது நிலாங்க மேடம்."

"சார், அது சனி!" என்றது ஒரு பொடிசு. எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். தேவயானிக்குத் தேன் குடித்தது போல இருந்தது. உடனே வாயைத் திறக்கவில்லை. தவிக்கட்டும் என்று விட்டாள். "அந்த வளையம் வந்து... பொகைங்க" என்று அவன் உளறியதையும் ஆசை தீரக் கேட்டாள். பிறகு ஆரம்பித்தாள்.

"கண்ணுங்களா, அது பொகை இல்ல. பனிக்கட்டியும் கல்லும் தூளுமா சுத்திக்கினு இருக்குது."

அதே குரல்! "கலைப்பிரியா புளுகல! புளுகல!" என்று இருட்டில் யாரோ கத்தினார்கள். தேவயானி நிறுத்தவில்லை. விண்கல்லைச் சொன்னாள், நிலவுக்குக் கூட்டிப் போனாள், சந்திரயானை இறக்கினாள். பாஞ்சாலி டீச்சர் போன் வெளிச்சத்தை அடித்தபோது முந்தானையை விலக்கினாள்.

"மெட்ராஸ் ஆர்ட்டிஸ்ட் யாருய்யா? சொல்லு தென்னரசு." அண்ணே என்று கூப்பிட்ட வாய்தான் அது.

"வெளியில போய்ப் பேசிக்கலாம் தேவயானி..."

"இங்கியே சொல்லு. புள்ளைங்க முன்னாடி சொல்லு."

"இவங்க குரல்தான்" என்று முனகினான்.

"கேக்கல!"

"இவங்க குரல்தாங்க! அந்தப் பாப்பா பொய் சொல்லல!"

அதோடு விட்டாளா? வெளியே வந்ததும், போனிலும் பென்டிரைவிலும் இருந்த பதிவை அவன் கையாலேயே அழிக்கச் சொன்னாள். அழிக்காவிட்டால் சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் தானே போன் போடுவதாக டீச்சரும் சொல்லிவிட்டார். தென்னரசு இரண்டையும் அழித்தான்.

"நாளைக்குக் கோலியனூர்ல ஷோ இருக்குதும்மா. வந்துடு. பேனர்ல கொட்டை எழுத்துல உம் பேரைப் போடறேன். கால்ல வேணாலும் வுழறேன்."

"எம் பேரு எங்கிட்டயே இருக்கட்டும். நீயே பேசு."

வீட்டுக்குப் போகிற வழியில் கலைப்பிரியா அம்மாவின் கையை இழுத்தாள். "அவரு பாவம்மா. நாளைக்கு அங்க என்ன பண்ணுவாரு?"

"பாவந்தான்" என்றாள் தேவயானி. "காலையில ஜல்தியா எழுந்துக்கணும்டி. கோலியனூருக்கு பஸ் புடிச்சுப் போயி, மொத வரிசையில படுத்துக்கினு கேக்கணும்."