மலை வளைவில் டெரன்ஸ்

டெரன்ஸ் என்கிற பெயரை நான் முதலில் கேட்டது, என் சித்தப்பா மகள் அமலம்மாள் டத்தோ கிராமாட்டில் என் வீட்டு வாசலில் நின்று அழுதபோது.

“எம்பொண்ணு மோனிக்கா, டெரன்ஸ்னு ஒரு இழுவை லாரிக்காரனைக் கட்டுறேன்னு நிக்கிறாக்கா. எவன் காடியாவது படுத்தாதான் அவனுக்குச் சோறு.”

விசாரித்தேன். அவன் தாத்தாவும் எங்கள் வின்சென்ட் மாமாவும் துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள். நல்ல சனம் என்று சொல்லிக் கட்டிவைத்தோம்.

போன வருடம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாலிக் புலாவுக்கு ஒரு துக்கம் கேட்கப் போன இடத்தில் அமலம்மாளின் கார் கிளம்பவில்லை. டெரன்ஸ் வந்து அதைத் தன் டீசல் லாரியின் பின்னால் மாட்டினான். நாங்கள் இருவரும் முன்னால் ஏறிக்கொண்டோம். மலைப்பாதை தொடங்கியதும் அவன் பேச்சு நின்றுவிட்டது. ஸ்டியரிங்குக்கு மேலே சூடு காட்டும் ஒரு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன மாப்ள, ஊமையாயிட்டீங்க?” என்றாள் அமலம்மாள்.

“கியர் எண்ணெய் சூடேறுது அத்தை. மூணு வாரமா இப்படித்தான்.”

மெக்கானிக் தயாளன் பட்டறையில் எண்ணெயை மாற்றியாயிற்று, வடிகட்டியையும் மாற்றியாயிற்றாம். சமதரையில் ஓட்டிப் பார்த்தால் முள் அசைவதே இல்லையாம். பாரம் இழுத்துக்கொண்டு மலை ஏறினால்தான் கொதிக்குமாம். மோனிக்காவிடம்கூட அவன் சொல்லவில்லை.

மூன்றாவது வளைவில் தீய்ந்த வாடை வந்தது. இஞ்சின் அலறியது, லாரி நகரவில்லை. பிறகு பின்னால் வழுக்கியது, ஒரு முழம் இருக்கும். பின்னால் பள்ளிக்கூடப் பஸ் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது.

டெரன்ஸ் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான். “இறங்கி டயருக்குப் பின்னால கல்லு வைங்க பெரிய அத்தை. சீக்கிரம்லா.”

நானும் அமலம்மாளும் கிடைத்த கல்லையெல்லாம் உருட்டி வைத்தோம். பஸ் பின்வாங்கி ஓரமாக நின்றது. ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள்.

கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு டெரன்ஸ் தயாளனுக்குப் போன் போட்டான். அவர் குரல் எங்களுக்கும் கேட்டது.

“இஞ்சினை நிறுத்திடாதே தம்பி. நியூட்ரல்ல விட்டு உறும விடு. எண்ணெய் சுத்தி ஆறட்டும்.”

“விட்டாச்சுண்ணே. முள் இறங்கலை.”

“முன்னால எண்ணெய் ஆறுற கூலர் இருக்குல்ல, அதுக்குப் போற குழாய், திரும்பி வர்ற குழாய், ரெண்டுகிட்டயும் கையைக் கொண்டு போய்ப் பாரு. தொட்டுடாதே.”

“ரெண்டும் ஒரே கொதி.”

“அப்ப எண்ணெய் ஓடுது, காத்துதான் படலை. முன்னால எது மறைக்குது?”

“சாமி பலகைண்ணே” என்றான் டெரன்ஸ், குனிந்து பார்த்து. கூலருக்கு நேர் முன்னால், கம்பி வலையை அடைத்துக்கொண்டு, புனித அன்னம்மாள் படம் போட்ட தகரப் பலகை இருந்தது. மூன்று வாரத்துக்கு முன், மருமகனுக்கு விபத்து வரக்கூடாதென்று அமலம்மாள் கோயிலில் மந்திரித்து மாட்டியது.

“சாமி படமாச்சேன்னு நான் அதுல கையே வைக்கலைலா. சந்தேகமும் வரலை” என்றது போன்.

அமலம்மாள் பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். “கழட்டாதீங்க மாப்ள. அந்தத் தாய்தான் இவ்வளவு நேரம் உருளவிடாம பிடிச்சிருக்கா. மலைமேல வச்சுக் கழட்டினா எம்பொண்ணு தாலிக்கு ஆகாது.”

டெரன்ஸும் பக்தியுள்ள பிள்ளை. திருப்புளியை எடுத்தவன் முதலில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். அந்த நேரத்தில் சக்கரத்தடியில் ஒரு கல் நொறுங்கும் சத்தம் கேட்டது.

“தாயை உங்க மடியிலயே வச்சுக்குங்க அத்தை. இங்க இருந்தா நாம எல்லாரும் அந்தப் பஸ்மேல போவோம்.”

அவள் விலகினாள். கழற்றினான். கால் மணி நேரத்தில் முள் இறங்கத் தொடங்கியது. நன்றாக ஆறிய பிறகு, முதல் கியரிலேயே ஊர்ந்து உச்சியைத் தாண்டினோம். உச்சி வரை மூவரும் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தோம்.

தயாளன் கியர்பெட்டியைப் பிரித்து, கருகிய தகடுகளை மாற்றிக் கொடுத்தார். லாரி சரியாகிவிட்டது. டெரன்ஸ்தான் சரியாகவில்லை. சின்ன ஏற்றத்தைப் பார்த்தாலே அவன் வலது கால் உதறும். நாலு மாதம் பார்த்துவிட்டு லாரியை விற்றுவிட்டான்.

இப்போது டெரன்ஸ் மோனிக்காவோடு தாசேக் கெலுகோரில் இருக்கிறான். அங்கே சமதரையில், பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான்.