ஜன்னலோர இருக்கையில் ஒரு கைக்குட்டை

நீலக் கட்டம் போட்ட பெரிய கைக்குட்டை ஒன்று என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அவ்வப்போது அதை நானே துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைக்கிறேன், மருமகளிடம் கொடுப்பதில்லை. அது என் அக்காள் கணவருடையது. தாம்பரத்தில் காலி வண்டி வந்து நிற்பதற்கு முன்பே அத்தான் அதை ஜன்னல் வழியாக வீசி இடம் பிடிப்பார். கைக்குட்டை விழுந்த இருக்கையில் வேறொருவர் உட்கார்வதில்லை. கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் அது எழுதாத சட்டம். பிறகு எதிரெதிராக அமர்ந்த நால்வரின் முழங்கால்கள்மேல் ஒரு கைப்பெட்டியைக் கிடத்தி, சீட்டு வழுக்காமலிருக்க அதே கைக்குட்டையை விரிப்பார். கோட்டை வரும்வரை 'இருபத்தெட்டு' என்னும் சீட்டாட்டம் நடக்கும்.

நால்வரில் நானும் ஒருவன். இரும்புலியூரிலிருந்து வரும் அலுவலக உதவியாளர் ஒருவர். வயதில் இளையவரானதால் எங்களுக்கெல்லாம் அவர் 'தம்பி'. நான்காமவர் ஓர் அரசு அலுவலகத்தின் கண்காணிப்பாளர். பெட்டி முழுவதற்கும் அவர் 'சூப்ரண்ட் சார்'. ஆட்டத்தில் அத்தானுக்குப் பல்லாண்டு ஜோடி அவர்தான். "துருப்புச் சீட்டைக் கவுத்து வெச்சுட்டு வாயைத் திறக்காம இருக்கணும், மச்சான். நேரம் வரும்," என்று நான் அவசரப்படும்போதெல்லாம் அத்தான் சொல்வார்.

அக்காள் இறந்தபின் அவர் ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகன் வடக்கே வேலையில் இருந்தான். எண்பதுகளின் நடுவில் ஓய்வு பெற்றபோதும் சீசன் டிக்கெட்டை அவர் விடவில்லை. முகம் மழித்து, சலவைச் சட்டை அணிந்து, எங்களோடு கடற்கரை வரை வந்து, அடுத்த வண்டியில் வீடு திரும்புவார். திரும்பியதும் பசிக்கும், சாப்பிடுவார், தூங்குவார். நெடுநாளைய சர்க்கரை நோய் அடங்கிக் கிடந்தது. "என் மாத்திரை பாதி, உங்க ரயில் சிநேகிதங்க பாதி," என்று அவருடைய டாக்டரே சொன்னார்.

அந்தப் பாதியைத்தான் கண்காணிப்பாளர் பறித்தார். அவருடைய மேலதிகாரி ஒருவர் எங்கள் பக்கம் குடிவந்து, அதே வண்டியில் வரத் தொடங்கியிருந்தார். ஒரு திங்கட்கிழமை, அத்தான் வீசிய கைக்குட்டையைக் கண்காணிப்பாளர் இரண்டு விரல்களால் தூக்கி, ஏதோ அழுக்கைத் தூக்குவதுபோல் தூக்கி, அத்தானின் கையில் வைத்தார்.

"இது ஆபீஸ் போறவங்க சீட்டு சார். நெரிசல்ல எதுக்கு இடிபடறீங்க? வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"ஆமா பெரியவரே, நீ காத்து வாங்கப் போற கேஸு. எங்களுக்கு அட்டெண்டன்ஸ் கீது," என்றார் தம்பி. பெட்டி சிரித்தது. மேலதிகாரி ஜன்னலோரம் அமர்ந்தார். அத்தான் கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் என் இருக்கையிலேயே இருந்தேன். பொது இடத்தில் வாய்ச்சண்டை போடுவது எங்கள் குடும்பத்தில் எவருக்கும் வழக்கமில்லை.

அதன்பின் அத்தான் தினமும் முகம் மழிப்பதை நிறுத்தினார். சமைத்தது சமைத்தபடி கிடந்தது. மாலையில் நான் சென்றால் ஒரே கேள்விதான்: "இன்னிக்கு சூப்ரண்டுக்கு யார் ஜோடி?" மருந்து மாறவில்லை, மருத்துவர் மாறவில்லை, ஆனால் சர்க்கரை ஏறியது, காலில் பட்ட சிறு காயம் ஆறாமல் புரையோடியது. அடுத்த பொங்கலை அவர் பார்க்கவில்லை. சாவுக்கு வந்த கண்காணிப்பாளர், "வயசாச்சு இல்லையா," என்றார். நான் கைகூப்பி வழியனுப்பினேன். கொடியில் கிடந்த சட்டையின் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டேன்.

என் துருப்பை நான் கவிழ்த்து வைத்தேன். ஆண்டுக்கணக்கில் அதே மனிதரோடு சீட்டாடினேன். அவர் மகள் திருமணத்திற்கும் போய் வாழ்த்தினேன். மேலதிகாரி மாற்றலாகிப் போனார். தொண்ணூறுகளில் கண்காணிப்பாளரும் ஓய்வு பெற்றார். பெட்டியிலேயே மாலை போட்டு லட்டு கொடுத்தோம். அடுத்த திங்கட்கிழமை, நான் எதிர்பார்த்தபடியே அவர் வந்தார். காலில் ஷூவுக்குப் பதில் செருப்பு. கையில் சாப்பாட்டுப் பை இல்லை. வழக்கம்போல் ஜன்னல் வழியாகத் தம் கைக்குட்டையை வீசினார்.

அதை நான் இரண்டு விரல்களால் தூக்கி அவர் கையில் வைத்தேன். அத்தானின் நீலக் கட்டத்தை அந்த இடத்தில் விரித்தேன்.

"இது ஆபீஸ் போறவங்க சீட்டு சார்."

சிரிக்கப் பார்த்தார். அத்தானின் கைக்குட்டையைக் கண்டதும் சிரிப்பு நின்றது. "ஒரு ஓரமா நின்னுக்கறேன், சார். ஆட்டத்தைப் பார்த்துட்டு வரேன்," என்றார்.

"நெரிசல்ல எதுக்கு இடிபடறீங்க? வீட்ல ரெஸ்ட் எடுங்க."

குரலை நான் உயர்த்தவில்லை. அவருடைய சொற்களில் ஒன்றைக்கூட மாற்றவுமில்லை. அடுத்த நிலையமான சானட்டோரியத்தில் அவர் இறங்கினார். அன்று ஆட்டம் எனக்கு மிக நன்றாக அமைந்தது.

சில மாதங்களில் அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். "சாப்பிடறதே இல்லீங்க. சுவத்தைப் பார்த்தே உக்காந்திருக்கார். அண்ணா, நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா வந்துடுவார்." அந்த அம்மையாருக்குக் காப்பி கொடுத்து உபசரித்தேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் கொடுக்கவில்லை. பக்கவாதம் வந்து கண்காணிப்பாளர் படுக்கையில் விழுந்த செய்தி பின்னர் வந்தது. மனிதர்களிடமிருந்து பிரிக்கப்பட்ட முதியவருக்கு என்ன நேரும் என்பதை அத்தானிடம் பார்த்து நான் அறிந்திருந்தேன். அறிந்தே செய்தேன். இன்றும் வருந்தவில்லை.

பிறகு நானும் ஓய்வு பெற்றேன். என் மனைவி இப்போது இல்லை. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை கூடிக்கொண்டே போகிறது. "நாலு பேரோட பழகுங்க சார்," என்கிறார் டாக்டர். போன வாரம் தம்பி வந்திருந்தார்; அவருக்கும் நரைத்துவிட்டது. "இன்னா சார், ஊட்லயே குந்திகினு? உன் ஜன்னல் சீட்டு அப்டியே கீது. எவன் கேக்கறான், வா சார்!" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

"அது ஆபீஸ் போறவங்க சீட்டு, தம்பி," என்றேன். அவர் என் கையை விட்டுவிட்டுப் போனார்.

ஒரு முறை எனக்காக அந்த 'ஆபீஸ் போறவங்க சீட்டு' சட்டத்தை வளைத்தால், கண்காணிப்பாளருக்கு நான் செய்தது வெறும் வன்மம் என்று ஊர் பேசும். அந்தப் பேச்சுக்கு நான் இடமளிக்க மாட்டேன். காலை வண்டியின் ஒலி எங்கள் வீடு வரை கேட்கிறது. அது கேட்கும்போது முகம் மழித்து, சலவைச் சட்டை அணிந்து, தயாராகத்தான் இருக்கிறேன். நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை மேல்தட்டிலேயே இருக்கிறது. அதை இரண்டு விரல்களால் தூக்கி என் கையில் வைக்கும் வாய்ப்பு எவருக்கும் கிடைக்காது.