எங்கள் அண்ணனின் கெண்டைக்கால்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சொல்லியே ஆகவேண்டிய ஒன்று நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

திம்புள்ளப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில், அம்மாவுக்குத் தலைப்பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், படிப்பை விட்டுவிட்டுக் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தார். தேயிலைச் செடியை வெட்டி வெட்டித்தான் என்னை விஞ்ஞான ஆசிரியை ஆக்கினார். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அடுத்த நிமிடமே அவராகவே வந்து பேசுவார்.

அவருடைய கெண்டைக்கால்கள் சின்ன வயதிலிருந்தே உருண்டு திரண்டிருக்கும். “மலை ஏறுன காலுடா இது!” என்று பெரியவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். அந்தக் காலுக்காகவே காமன் கூத்தில் சலங்கை கட்ட அவரைப் பிடித்தார்கள். ஒருமுறை ஆட்டத்தின் நடுவே மண்டியிட்டவர், எழும்போது தரையில் கையூன்றி, பிறகு தொடைகளைப் பிடித்துப் பிடித்து நிமிர்ந்தார். புது அடவு என்று நினைத்துத் தோட்டமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஐயோ, அந்தக் கைதட்டல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

பிறகு படி ஏறவே திணறினார். அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். “நடக்க நடக்கத்தான் காலு இறுகும், மேட்டுப்பக்கம் போயிட்டு வாங்கண்ணே” என்று விரட்டியவள் நான்தான். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் காலிலிருந்து துளி சதை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தார்கள். நான் ஆசிரியை என்றதும் டாக்டர் அம்மா என்னையும் பார்க்கச் சொன்னார்.

வகுப்பில் கரும்பலகையில் எத்தனை தடவை தசையின் படத்தைக் கீறியிருப்பேன்! நீண்ட தசைநார்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். குறுக்கே வரிகள் ஓடும். நாரின் உட்கருக்கள் ஓரத்தில் இருக்கும். உள்ளே மெல்லிய இழைகள் தடித்த இழைகளுக்கிடையே வழுக்கி நுழையும்போது நார் சுருங்கும், கால் உயரும். அண்ணனின் சதையில் அந்த ஒழுங்கே இல்லை. ஒரு நார் பருத்திருந்தது, பக்கத்து நார் சூம்பியிருந்தது, கருக்கள் நடுவுக்கு வந்திருந்தன. இடையிடையே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு. சுருங்கும் ஒவ்வொரு தடவையும் நாரின் உறை கிழியாமல் காக்கிற ஒரு புரதம் அவருக்குக் குறைவாம். அழிந்த நாரின் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டதாம். பலம் என்று நாங்கள் தட்டிப் பார்த்தது அதைத்தான்.

அந்தத் தசைச்சிதைவு நோய் தாய்வழி வருவது, பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத் தாக்குவது. “என் வயித்துல வந்த வெனையா?” என்று அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். “தெரிஞ்சா செஞ்சீங்க? அழுவாதீங்கம்மா” என்றார் அண்ணன். இதயமும் தசைதான், அதன் நார்களும் தளர்ந்தன. போவதற்கு மூன்று நாள் முன்பு என் கையைப் பிடித்தார். “தங்கச்சி, ஒம் மகன் காலும் என் காலு மாதிரியே இருக்கு. ரத்தம் எடுத்துப் பாரு. எனக்கு லேட்டாயிருச்சு. அவனுக்கு ஆகக் கூடாது.”

ஓராண்டாக நான் போகவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், பயத்தில் மகன் எழும்பும் விதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் சாப்பிட்டு எழுந்த என் எட்டு வயது மகன் கேட்டான்: “அம்மா, நான் கைய ஊணாமத்தான் எந்திரிச்சேன். பாத்தீங்களா?”

நான் பார்ப்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாளே அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று ரத்தம் எடுக்க வைத்தேன். இம்மலர் அச்சுக்குப் போகும்வரை முடிவு வரவில்லை.

அண்ணனைக் குழந்தைபோல் தூக்கிக் குளிப்பாட்டிய அண்ணிக்கும், நாற்காலியோடு ரோட்டு வரை சுமந்து சென்ற லயத்துத் தம்பிமாருக்கும், பொறுமையாக விளக்கிய டாக்டர் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை தொடையைப் பிடித்து எழுந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். என்னைப்போல் நாள் கடத்தாமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். இன்று பூசை முடிந்து எல்லோரும் பாயிலிருந்து எழும்போது, தயவுசெய்து யாரும் என் மகனைப் பார்க்காதீர்கள். நான் பார்த்ததே போதும்.

ஆறாத மனத்துடன்,
தங்கை