ஏழாவது பட்டனில் ரெட்டை விசில்

இன்னிக்கு மஞ்சூர் பஸ்ல டிரைவருக்குப் பின் சீட். சாரல். வெளியே தேயிலைச் செடியெல்லாம் பனிமூட்டத்துல பாதி கரைஞ்சு நின்னுச்சு.

மடியில டேப்லெட், அதுல பீட் போடற ஆப். வைப்பர் தேய்க்கிற சத்தத்தை ரெக்கார்டு பண்ணி, அதையே தாளமா ஓட விட்டிருந்தேன். ஜன்னல் ஷட்டர் நடுங்கற சத்தமும் அது மேல வந்து விழுந்துட்டே இருந்துச்சு. கண்டக்டர் விசிலையும் பிடிச்சு வெச்சிருந்தேன். ஆறாவது பட்டன்ல ஒத்த விசில், ஏழாவதுல ரெட்டை.

தூக்கம் மாதிரி ஒரு சுகம். இந்த இடத்துல ஒத்த விசில் வந்தா அழகா இருக்கும்னு தட்டினேன்.

பஸ் நின்னுடுச்சு.

இயர்போன் சார்ஜ் எப்பவோ தீர்ந்து, சத்தமெல்லாம் டேப்லெட் ஸ்பீக்கர்லயே வெளியே வந்துட்டிருந்திருக்கு. பஸ்ஸோட சத்தமும் என் பீட்டும் ஒண்ணுதானே, எனக்கே தெரியல.

"யாருங்க இறங்கறது?"ன்னார் டிரைவர்.

"நான் ஊதவே இல்லீங்கண்ணா"ன்னார் கண்டக்டர்.

அப்பப் பனிக்குள்ள இருந்து ஒரு அக்கா மூச்சு வாங்க ஓடி வந்து ஏறினாங்க. "போயிருவீங்கன்னே நெனச்சேனுங்க. இதை விட்டா சாயங்காலம்தான் பஸ்சு."

கண்டக்டர்கிட்ட உண்மையைச் சொன்னேன். திட்டுவார்னு பார்த்தேன். குனிஞ்சு டேப்லெட்டைப் பார்த்தார்.

"ரெட்டை விசில் எதுங்க?"

காட்டினேன். வாயில வெச்ச விசிலை எடுத்துட்டு, ஒரு விரலால மெதுவாத் தட்டினார்.

பஸ் கிளம்புச்சு.

அந்தப் பீட்டோட லிங்க்கைக் கீழே போட்டிருக்கேன். பஸ் டிரைவர் யாராச்சும் இருந்தா வண்டியை நிறுத்திட்டுக் கேளுங்க. எப்படியும் நிறுத்தத்தான் போறீங்க.